கச்சத்தீவு தெரிந்த வீட்டில் எதற்கு இந்தப் படிப்பு?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். டிகிரியில் அரசியல் அறிவியல், அப்புறம் எம்.ஏ.வில் சர்வதேச அரசியல் படிக்க ஆசை. அப்பா விசைப்படகில் போகிறவர். "கச்சத்தீவு கதை நமக்குத் தெரியாததா, அதைப் படிக்க டெல்லிக்குப் போகணுமா, படிச்சா யாரு வேலை குடுப்பா?" என்கிறார். என்ன சொல்வது?
- ஒரு மாணவி, தங்கச்சிமடம்

பதில்: அப்பா கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. பாம்பன் பாலம் தாண்டினால் டீக்கடையிலேயே வெளியுறவுக் கொள்கைதான் ஓடுகிறது. ஆனால் அங்கே சத்தமாகப் பேசுகிறவர்களில் கச்சத்தீவு இலங்கைக்குப் போன 1974 ஒப்பந்தத்தைப் படித்தவர் யார்? அதன் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்புபோலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், விசா வேண்டாம் என்கிறது. மீன் பிடிக்கலாம் என்று அதில் இல்லை. 6-வது பிரிவோ, இரண்டு நாட்டுப் படகுகளுக்கும் அடுத்தவர் கடலில் வழக்கமாக இருந்த உரிமைகள் தொடரும் என்கிறது. சரி, அந்த உரிமையில் மீன்பிடிப்பு சேருமா? 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. ஒப்பந்தம் கொடுத்ததைக் கடிதம் பறிக்க முடியுமா? இப்படி வரிவரியாக மல்லுக்கட்டுவதுதான் இந்தப் படிப்பு.

இன்னொன்று, இது கொஞ்சம் உறுத்தும். எதிர்த்தரப்பில் நின்று ஒரு கட்டுரை எழுது என்று வகுப்பில் சொல்வார்கள். நம் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்று யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழில்தான் புலம்புகிறார். 2017-ல் இலங்கை இழுவைமடிக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது. விசைப்படகுக்காரர் மகள் அதை எழுதிப் பார்க்க வேண்டும், வீட்டில் காட்டுவது உங்கள் இஷ்டம்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். எம்.ஏ. முடித்த கையோடு யாரும் தூதரகத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். இந்திய வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுதான் வழி, அதற்கு ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த ஒரு விருப்பப் பாடம் அதில் உண்டு, அங்கே இந்தப் படிப்பு கை கொடுக்கும். மற்றபடி கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட் எழுதிக் கல்லூரி வேலைக்கு முயலலாம், பத்திரிகைக்குப் போகலாம். ஆய்வு நிறுவன வேலைகளில் பெரும்பாலானவை டெல்லியில், அதுவும் ஒப்பந்த அடிப்படையில்.

டெல்லிதான் என்றில்லை. அங்கே ஜே.என்.யு.வின் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) சர்வதேசக் கல்விப் புலம் பழையது, பெயர் பெற்றது, 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கியது. ஆனால் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று துறை இருக்கிறது, ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் இல்லாமல் இது முடியுமா?
- ஒரு மாணவர், தொண்டி

பதில்: முடியாது. ஆனால் பேசத் தெரிவதைவிட வாசிக்கத் தெரிவதுதான் முக்கியம். எனக்கும் முதல் செமஸ்டரில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. கச்சத்தீவு ஒப்பந்தத்திலிருந்தே ஆரம்பியுங்கள், நாலைந்து பக்கம்தான், விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் வார்த்தைகள் சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: கடல் எல்லை 12 மைலா, 200 மைலா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: இரண்டும் சரி. 1982-ல் வந்த ஐ.நா. கடல் சட்டப்படி 12 கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்) வரை நாட்டின் சொந்தக் கடல், 200 வரை மீன் உள்ளிட்ட வளங்களுக்கு உரிமை. ஆனால் அதற்குக் கடல் அகலமாக இருக்க வேண்டுமே! இரண்டு நாட்டுக்கும் 12, 12 என்றாலே 44 கிலோமீட்டர் வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே 30 கிலோமீட்டர் அளவுதான். அதனால் நம் பக்கத்தில் மைல் கணக்கு செல்லாது, பேசி ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே போனதில்தான் இத்தனை வருஷச் சண்டை.