சீட் இல்லை என்று சொன்னால் சட்டென்று கையெழுத்து போடாதீர்கள்

கேள்வி: திருச்சியிலிருந்து பெங்களூரு போக மகளுக்கும் எனக்கும் டிக்கெட் போட்டிருந்தோம். பாபநாசத்திலிருந்து டாக்ஸி பிடித்து நேரத்துக்குப் போயும், "ஃபிளைட் நிரம்பிவிட்டது, நாளைக் காலையில் அனுப்புகிறோம்" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மகளின் இன்டர்வியூ போயே போய்விட்டது. நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கிடைக்க வேண்டும். ஆனால் உங்கள் வழக்கே அந்தக் கையெழுத்தில்தான் நிற்கிறது. நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். நடுவில் பொடி எழுத்தில், பயணி தன் விருப்பத்தின் பேரில் இருக்கையை விட்டுக்கொடுத்தார் என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் டிக், கீழே உங்கள் பெயர். அந்த டிக்கை நீங்கள் போடவில்லை என்கிறீர்கள், நான் நம்புகிறேன். வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி என்று அவ்வளவு தூரம் ஓடி வந்து கவுன்டரில் நிற்கிறவருக்கு அந்த வரியைப் படிக்கவா தோன்றும்?

விஷயம் இதுதான். சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் விமான நிறுவனங்கள் இருக்கிற சீட்டைவிடக் கூடுதலாக விற்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி முதலில் விட்டுக்கொடுக்க விருப்பமுள்ளவர்கள் யார் என்று கேட்க வேண்டும், அப்படி விட்டுக்கொடுப்பவருக்குச் சலுகை ஏதாவது பேசித் தர வேண்டும். உறுதியான டிக்கெட்டுடன் நேரத்துக்கு வந்தவரை அவர் விருப்பமில்லாமல் நிறுத்தினால் பணம் தர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒன்றும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்ப வரும், கூடவே அந்த நான்கு மடங்கும். உங்களை மறுநாள் காலையிலேயே அனுப்பிவிட்டதால் இரண்டு மடங்கு, ஆளுக்கு ஆள் தனித்தனியாக.

முதலில் அந்த நிறுவனத்துக்கு மெயில் போடுங்கள், நாங்கள் விரும்பி விட்டுக்கொடுக்கவில்லை என்று தெளிவாக எழுதி, டிக்கெட், மறுநாள் போர்டிங் பாஸ், டாக்ஸி ரசீது எல்லாவற்றையும் இணையுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான ஏர்சேவாவில் புகார், அப்புறம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இவ்வளவு சின்னத் தொகை டிக்கெட்டுக்குக் கட்டணமும் இல்லை. இன்டர்வியூ போன நஷ்டத்தை டிஜிசிஏ விதியில் கேட்க முடியாது, ஆணையத்தில்தான் கேட்க வேண்டும், அதனால் அழைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் போக என் அம்மா திருச்சி ஏர்போர்ட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி நேரம் தாமதம், ஒரு டீ கூடத் தரவில்லை. (மன்னார்குடி வாசகி)

பதில்: வயதானவரை இப்படி உட்கார வைத்தது பெரிய தப்பு. சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும், அந்த அளவு தூரத்துக்கு மூன்று மணி நேரம் தாமதம் என்று தெரிந்தாலே சாப்பாடு, டிபன் தர வேண்டும். தாமதத்துக்குப் பணம் தரச் சொல்லி டிஜிசிஏ விதியில் இல்லை. புயல், மூடுபனி மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் சாப்பாடு தருவதிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு உண்டு, அதனால் காரணத்தை அங்கேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஹோட்டல் அறையும் போய்வர வண்டியும் அவர்கள் பொறுப்பு. அம்மாவுக்கு அதற்கு ஒரு மணி நேரம் குறைந்துவிட்டது, ஆனால் சாப்பாட்டைக் கேட்டிருக்கலாம்.