தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கு, மீன் ஏன் மூச்சு வாங்குது?

கேள்வி: ஏனுங்க, கோயமுத்தூரில் ஒரு ஜோடி க்ளவுன் மீன் வாங்கி வந்தேன். பெரிய கடல்நீர்த் தொட்டியில் விடும் முன் 60 லிட்டர் குவாரன்டைன் தொட்டியில் தனியாக வைத்து, வெண்புள்ளி (ஒட்டுண்ணி நோய்) வராமலிருக்க காப்பர் மருந்தும் விட்டேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர் புதுசு. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஆனால் நாலாம் நாளிலிருந்து இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மருந்து அதிகமாகிவிட்டதா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருக்கலாம். கீலேட்டட் வகை காப்பருக்கு (வேறொரு பொருளோடு பிணைத்து வீரியத்தைக் குறைத்தது) 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் சாதாரணம், அயானிக் வகைக்கு (பிணைக்காதது) 0.2 போதும், இரண்டையும் குழப்பிக்கொண்டால் பத்து மடங்கு போய்விடும். வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோயிலும் இப்படி மூச்சு வாங்கும். ஆனால் 'புது ஸ்பாஞ்ச்', 'நாலாம் நாள்' என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் அம்மோனியா மேல்தான். மீன் கழிவிலிருந்து வரும் விஷம் அது, அதைத் தின்கிற பாக்டீரியா புது ஸ்பாஞ்சில் இன்னும் இருக்காது. அது கண்ணுக்குத் தெரியாது, தெளிந்த தண்ணீரை நம்பி நானும் ஒரு மீனைச் சாகவிட்டிருக்கிறேன். டெஸ்ட் கிட்டில் பாருங்கள். கடல்நீரில் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே அதிகமாகக் கடிக்கும்.

இன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 1 பிபிஎம் இருந்தால் 0.5-க்குத்தான் இறங்கும், அதனால் நாளைக்கும் மாற்ற வேண்டியிருக்கும். நம்ம ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதன் கடினத்தன்மை உங்களுக்கே தெரியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மீன்தொட்டிக்கான கடல் உப்பு (சமையல் உப்பு இல்லீங்க), அதாவது 30 லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே போட்டு, சின்ன பம்ப் ஓடவிட்டு நன்றாகக் கரைத்து, சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா பார்த்து, அப்புறம் தொட்டியில் இருக்க வேண்டிய அதே பிபிஎம் அளவுக்குக் காப்பரும் கலந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் மருந்து பாதியாகிவிடும், ஒட்டுண்ணி தப்பித்துக்கொள்ளும்.

அவசரத்தில் அம்மோனியா நீக்கி பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல, காப்பரோடு சேர்ந்தால் அதன் விஷத்தைக் கூட்டிவிடும்.

அடுத்த தடவை ஸ்பாஞ்ச் விஷயத்தில் முந்திக்கொள்ளுங்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். பெரிய தொட்டியின் சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) ஒரு ஸ்பாஞ்சை மூன்று நான்கு வாரம் போட்டு வைத்தால் பாக்டீரியா ஏறிவிடும், மீன் வாங்கும் நாளில் அதை இங்கே மாற்றிக்கொள்ளலாம். காப்பரில் கிடந்த ஸ்பாஞ்ச் திரும்ப அங்கே போகக்கூடாது, இறாலும் பவளமும் போய்விடும். லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை), மணல் இரண்டும் காப்பரை உறிஞ்சும் என்பதால் குவாரன்டைன் தொட்டியில் போடாதீர்கள். ஒளிந்துகொள்ள பிவிசி பைப் துண்டு போதும்.

தீனி ஒரு சிட்டிகை, ஐந்து நிமிடத்தில் தின்னாததை ஏர் டியூபால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஈரோட்டு வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு வற்றாது. நீர் மட்டத்தில் கண்ணாடி மேல் ஒரு டேப் ஒட்டி, குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே விடுங்கள், உப்புத் தண்ணீர் இல்லை. கரன்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: ராமேஸ்வரம் போகும்போது கேனில் கடல்தண்ணி பிடித்து வந்தால் உப்புக் காசு மிச்சம்தானே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நோய் வராமல் பார்க்கத்தானே குவாரன்டைன் தொட்டி? கரையோரத் தண்ணீரில் சேறு, படகு எண்ணெய், ஒட்டுண்ணி எல்லாம் சேர்ந்து வரும், அதுவும் வெயிலில் வண்டிக்குள் பத்து மணி நேரம் கிடந்த கேனில். உப்பே வாங்கிக்கொள்ளுங்க.