குடல் அழற்சி நோயும் குழுக் காப்பீடும்: வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 57 கிலோ. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோய் இருப்பது தெரியவந்தது. மெசலமின், அசதயோபிரின் மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டும் இந்த ஆண்டு இரண்டு முறை நோய் தீவிரமாகி ஸ்டீராய்டு எடுக்க நேர்ந்தது. இனி பயாலஜிக் எனப்படும் உயிரியல் மருந்துக்கு மாற வேண்டும், டிசம்பர் முதல் வாரம் தொடங்கிவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். இன்ஃப்ளிக்ஸிமாப் என்றால் ஒரு முறைக்கு எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய், அடலிமுமாப் என்றால் ஓர் ஊசி 9,000 ரூபாய். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சரிவரும் என்கிறார். நிறுவனத்தின் குழுக் காப்பீடு எங்கள் குடும்பம் முழுவதற்கும் 4 லட்சம். ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படும். வங்கியில் 5 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட், மாதம் 12,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி., மனைவியின் 20 பவுன் நகை, வீட்டுக் கடன் தவணை மாதம் 17,400 ரூபாய். மனைவி வேலைக்குச் செல்லவில்லை. ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு, 11 பேர் வேலை செய்யும் மைத்துனரின் பிரின்டிங் யூனிட்டில் பங்குதாரராகச் சேர நினைக்கிறேன். நோயைச் சொல்லாமல் தனிநபர் பாலிசி எடுத்துவிடு, ஐந்து ஆண்டு ஓடிவிட்டால் யாரும் கேட்க முடியாது என்கிறார் நண்பர். நகையை அடகு வைப்பதா, எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதா? வேலையை விடலாமா?

பதில்: உங்கள் சொத்துப் பட்டியலில் டெபாசிட்டையும் நகையையும் எழுதியிருக்கிறீர்கள், அவை எல்லாவற்றையும்விட இப்போது மதிப்பு வாய்ந்ததாகிய குழுக் காப்பீட்டைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். ஏப்ரலில் நீங்கள் கைவிட நினைப்பது சம்பளத்தோடு அந்தக் காப்பீட்டையும் சேர்த்துத்தான் என்பதால், வேலையைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மருந்தின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தின் வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். தொடக்க நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று அது நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. ஆகவே முதல் 12 மாதங்களில் எட்டு முறை, அதாவது 5,76,000 ரூபாய். அடலிமுமாப் 40 மில்லிகிராம் ஊசியில் முதல் நாள் நான்கு, இரண்டு வாரம் கழித்து இரண்டு, அதன்பின் இரு வாரத்துக்கு ஒன்று என்று போட்டால் முதல் ஆண்டுக்கு 30 ஊசி, 2,70,000 ரூபாய். அடுத்த ஆண்டு முதல் 26 ஊசி, 2,34,000 ரூபாய். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இந்த இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டு நீங்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். ஆனால் அந்த ஒப்பீடு மருந்தின் விலையை மட்டுமே காட்டும். உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைக் காட்டாது.

இன்ஃப்ளிக்ஸிமாப்பை மருத்துவமனையில் படுக்க வைத்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் ஏற்றுவார்கள். அடலிமுமாப் நீங்களே வீட்டில் வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் ஊசி. இந்த வித்தியாசம் காப்பீட்டு நிறுவனத்துக்கு மிகப் பெரியது. 2019ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், மோனோக்ளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கப்படும் எதிர்ப்புப் புரதம்) ஊசிச் சிகிச்சையை, காப்பீட்டிலிருந்து விலக்கக்கூடாத நவீனச் சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் அந்த வகை மருந்துதான். மருத்துவமனையில் அன்றே வீடு திரும்பும் டே கேர் முறையில் ஏற்றினால் கிளெய்ம் கேட்க உங்களுக்கு வலுவான ஆதாரம் உண்டு. அடலிமுமாப்பும் அதே வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், வீட்டில் போட்டுக்கொள்வதைப் புறநோயாளிச் செலவு என்று சொல்லி நிறுவனங்கள் பொதுவாக மறுத்துவிடுகின்றன. விலை குறைந்த மருந்து உங்களுக்கு அதிகச் செலவு வைப்பது இப்படித்தான்.

அதே வழிகாட்டுதல், இத்தகைய சிகிச்சைகளுக்குத் துணை வரம்பு, அதாவது மொத்தக் காப்பீட்டுக்குள் அந்தச் சிகிச்சைக்கு மட்டுமான உச்சத் தொகை, வைத்துக்கொள்ள நிறுவனங்களை அனுமதிக்கவும் செய்தது. உங்கள் பாலிசியில் அந்த வரம்பு என்ன என்பதே இந்த முழுக் கணக்கின் அச்சாணி. துணை வரம்பே இல்லையென்றால், டிசம்பர் முதல் வாரம் தொடங்கும் சிகிச்சையில் நான்கு தவணைகள் மார்ச்சுக்குள் வந்துவிடும்; அவற்றுக்கான 2,88,000 ரூபாய் நடப்புப் பாலிசி ஆண்டின் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடும். ஏப்ரலில் புதிய 4 லட்சம் தொடங்குகிறது. அந்த ஆண்டில் ஆறு தவணைக்கு 4,32,000 ரூபாய் ஆகும் என்பதால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 32,000 மட்டுமே. மாறாக, துணை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம், அதாவது 2 லட்சம் என்றிருந்தால் மார்ச் வரை 88,000 ரூபாயும் அடுத்த ஆண்டில் 2,32,000 ரூபாயும் உங்களுடையது. அது அடலிமுமாப்பின் ஓராண்டுச் செலவுக்கு ஏறக்குறைய சமம் என்பதால், அந்த நிலையில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் வசதிக்காக அடலிமுமாப்பைத் தேர்ந்தெடுப்பதில் நிதி நோக்கில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குடும்பத்தின் 4 லட்சமும் தொடப்படாமல் மிஞ்சும். துணை வரம்பு இல்லாத பாலிசியில் இன்ஃப்ளிக்ஸிமாப்பே நல்லது, ஆனால் ஆண்டின் பிற்பகுதியில் மனைவிக்கோ உங்களுக்கோ வேறு எதற்காவது மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்பட்டால் பாலிசியில் பணம் இருக்காது என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் அந்த முடிவை எடுக்க வேண்டும்.

இன்னும் சில நுணுக்கங்கள். குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் இருக்கும். இன்றைய எடைக்கு மூன்று குப்பி போதும். நோய் அடங்கிச் சாப்பாடு உடம்பில் ஒட்டத் தொடங்கி எடை 60 கிலோவைத் தாண்டினால் நான்காவது குப்பி தேவைப்படலாம். மருந்தின் பலன் குறைந்தால் அளவைக் கூட்டுவதும் இடைவெளியைக் குறைப்பதும் மருத்துவத்தில் வழக்கம் என்பதால், 72,000 என்பதை நிரந்தர விலையாகக் கருத வேண்டாம். மருந்து தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனைகள் செய்வார்கள். அவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் பல பாலிசிகள் சேர்க்கைக்கு 30 நாள் முன்பும் 60 நாள் பின்பும் ஆகும் தொடர்புடைய செலவுகளைத் தருகின்றன. உங்கள் பாலிசியில் இது டே கேருக்கும் பொருந்துமானால், 56 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொள்ளும் உங்களுக்கு மாத்திரைச் செலவும் பெரும்பாலும் அந்த 60 நாளுக்குள்ளேயே விழும். கேட்காதவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

மாத்திரையில் மிச்சம் பிடிக்க மக்கள் மருந்தகத்தையோ முதல்வர் மருந்தகத்தையோ நாடுவதில் தவறில்லை. ஆனால் மெசலமின் மாத்திரையின் மேல்பூச்சைப் பொறுத்தே அது குடலின் எந்தப் பகுதியில் கரைகிறது என்பது அமைகிறது என்பதால், பிராண்டை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். செலவைப் பார்த்து மாத்திரையை ஒன்று விட்டு ஒன்று சாப்பிட்டு, பிறகு ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து ஆண்டு முழுவதும் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு கட்டியவர்களின் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பரின் யோசனைக்கு வருவோம். அவர் சொல்லும் ஐந்து ஆண்டு விதி உண்மையில் இருக்கிறது. 2024ல் அது எட்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கொலோனோஸ்கோபி அறிக்கை, பயாப்ஸி முடிவு, மூன்று ஆண்டு மருந்துச் சீட்டு, குழுக் காப்பீட்டில் கேட்கப்போகும் கிளெய்ம் என்று இத்தனை தடயங்களை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் 'இல்லை' என்று கையெழுத்திடுவது எதில் போய் முடியும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலும் அந்த ஐந்து ஆண்டு முழுவதும் எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஏறும் மருந்துக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

உண்மையைச் சொல்லி விண்ணப்பித்தால் மூன்றில் ஒன்று நடக்கும். கூடுதல் பிரீமியத்தோடும், அதிகபட்சம் மூன்று ஆண்டுக் காத்திருப்போடும் (அதுவரை இந்த நோய்க்குப் பணம் கிடைக்காது) ஏற்பார்கள், அல்லது இந்த நோயை நிரந்தரமாக விலக்கிவிட்டு மற்றவற்றுக்குக் காப்பீடு தருவார்கள், அல்லது மறுப்பார்கள். நிரந்தர விலக்கை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: அப்படி விலக்கி வைக்க அனுமதிக்கப்பட்ட நோய்களின் பட்டியலை அதே 2019 வழிகாட்டுதல்கள் வரையறுத்தபோது, குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன்ஸ் நோயும் உங்கள் நோயும் கே50, கே51 என்ற நோய்க் குறியீடுகளோடு அதில் இடம்பெற்றன. அப்படி ஒரு பாலிசி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மாரடைப்புக்கும் சாலை விபத்துக்கும் அது உதவும். ஆனால் விலக்கு அந்தக் குறியீடுகளோடு நிற்கிறதா, 'வயிறு சம்பந்தமான அனைத்தும்' என்று விரிகிறதா என்பதைப் பார்த்து, விரிந்தால் 30 நாள் பரிசீலனைக் காலத்துக்குள் திருப்பிவிடுங்கள். மனைவிக்குத் தனியாக ஒரு பாலிசியை இந்த மாதமே எடுத்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இப்போது வேலை. துணை வரம்பு இல்லாத நிலையில் உங்கள் குழுக் காப்பீடு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் தருகிறது, அதாவது மாதம் சுமார் 33,000 ரூபாய். ஆகவே உங்கள் உண்மையான சம்பளம் 68,000 அல்ல, ஒரு லட்சத்துக்கும் மேல். பிரின்டிங் யூனிட்டில் உங்கள் பங்கு மாதம் ஒரு லட்சம் தராதவரை இது நஷ்டமான மாற்றம். ஏப்ரலில் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் எப்போதுமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, பணியிலிருந்து விலகும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வாய்ப்பு. இதில் குழுவில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும் என்றாலும், ஏற்பதும் நிபந்தனை விதிப்பதும் நிறுவனத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது என்பதால், எழுத்துமூலம் ஒப்புதல் வரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். மற்றொன்று எனக்கு இன்னும் பிடித்தது: மைத்துனரின் 11 தொழிலாளர்களுக்கு அந்த யூனிட்டே ஒரு குழுப் பாலிசி எடுக்கலாம். பொதுவாக ஏழு பேர் இருந்தாலே குழுவாக ஏற்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு வேண்டும் என்பதைப் பேரம் பேசிப் பெற முடியும், பங்குதாரரையும் உறுப்பினராகச் சேர்க்க முடியுமா என்பதை முதலிலேயே உறுதிசெய்ய வேண்டும். அந்தத் தொழிலாளர்களுக்கும் ஒரு நன்மை.

பணத்தைப் பொறுத்தவரை, எஸ்.ஐ.பி.யை 4,000 ரூபாயாகக் குறைத்து, மிஞ்சும் 8,000 ரூபாயைச் சிகிச்சைக்கென்று ஒரு ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட்டை இரண்டாகப் பிரித்து, பாதியைச் சிகிச்சைக்கும் பாதியை ஆறு மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒதுக்குங்கள். நகைக் கடன், கிளெய்ம் பணம் திரும்பி வரும்வரை இட்டு நிரப்ப மட்டும். தொடர் செலவுக்கு நகையை அடகு வைத்தால் மீட்கும் நாள் வராது. வருமான வரியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கான வரிக் கழிவுப் பட்டியலிலோ, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலோ இந்த நோய் இல்லை, பிரீமியத்துக்கான கழிவும் பழைய வரி முறையில் மட்டுமே.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. மனிதவளப் பிரிவிடம் பாலிசியின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கைக்கு வரும் அடையாள அட்டையும் ஒரு பக்கச் சுருக்கமும் போதாது. மோனோக்ளோனல் ஆன்டிபாடிக்கான துணை வரம்பு, டே கேர் பட்டியல், முன் பின் செலவுகள் ஆகிய மூன்றையும் அதில் தேடுங்கள். பிறகு, கண்காணிப்பில் ஏற்ற வேண்டிய மருந்து என்று மருத்துவரிடம் கடிதம் பெற்று, முதல் தவணைக்கு முன்பே, காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறையின் முன் அனுமதிக்கு அனுப்பிவிடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தின் பிரதியோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.