ப்ளூ கார்டா, பி.ஆரா? முதலில் ஊரில் எத்தனை நாள் இருக்கலாம் என்று பாருங்கள்

தம்பி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை, ஆண்டுக்கு 52,000 யூரோ சம்பளம், ப்ளூ கார்டு (நல்ல சம்பள வேலைக்கு வருகிறவர்களுக்கான வசிப்பு அனுமதி) வாங்குவதா இல்லை சட்டத்தின் 18பி பிரிவில் வரும் சாதாரணத் திறன்பணியாளர் அனுமதியே போதுமா, எதில் சீக்கிரம் பி.ஆர். (நிரந்தர வசிப்பு அனுமதி) கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில், வீட்டுக்கு ஒரே பிள்ளை, அப்பா அம்மா கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறார்கள் என்றும் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

விசா கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, ப்ளூ கார்டே வாங்குங்கள். பொதுவான சம்பள வரம்பு 2025-ல் 48,300 யூரோ, 2026-ல் 50,700. ஐ.டி., பொறியியல் போல ஆள் தட்டுப்பாடு உள்ள வேலைகளுக்கு இன்னும் குறைவு. உங்கள் சம்பளம் இரண்டையும் தாண்டிவிடுகிறது. ப்ளூ கார்டில் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைச் சான்றிதழ் இருந்தால் 21 மாதத்தில் பி.ஆர்., ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதம். 18பி என்றால் மூன்று வருடம். நாளைக்குக் கல்யாணமாகி மனைவி வந்தால், அவர் ஏ1 சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை, வந்த உடனே வேலைக்கும் போகலாம். முதல் 12 மாதத்தில் கம்பெனி மாறினால் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் இங்கே நம் ஆட்கள் கூடினாலே பி.ஆர். எத்தனை மாதத்தில் கிடைத்தது என்றுதான் பேச்சு. வாங்கிய பிறகு எத்தனை மாதம் ஊரில் போய் இருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வந்தது 2013-ல். ப்ளூ கார்டு ஜெர்மனிக்கு வந்ததே அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான். ராத்திரி வகுப்புக்குப் போய் பி1 எழுதி, 21 மாதத்தில் பி.ஆர். வாங்கிவிட்டேன். இங்கே யாருக்கு விசேஷமோ அவர்தான் கேக் வாங்கித் தர வேண்டும். ஆபீஸ் முழுக்கக் கேக் கொடுத்தேன். சட்டத்தில் அதன் பெயர் நீடர்லாஸுங்ஸ்எர்லௌப்னிஸ், காலவரம்பில்லாத அனுமதி. காலவரம்பில்லை என்றால் கவலையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2018-ல் அப்பாவுக்குப் பக்கவாதம். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கும்பகோணம் போனேன். காலையில் பிசியோதெரபி, மாலையில் வாசலில் பத்தடி நடை, ராத்திரி மாத்திரை என்றே நாள் போனது. ஐந்தாவது மாதம் இங்கிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். அப்பாவை விசாரித்துவிட்டு, "ஆறு மாசக் கணக்கு பார்த்தியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பவில்லை என்றால் பி.ஆர். தானாகவே காலாவதி, யாரும் கடிதம் போட்டுச் சொல்லக்கூட வேண்டாம் என்று அவர்தான் விளக்கினார். அம்மா நகைக்கடை கொடுத்த தினசரி காலண்டரை எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணினோம். 152-ஆம் நாள்.

வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு அவகாசம் கேட்டு எழுதலாம், சட்டத்தில் இடமுண்டு. கிளம்பும் முன்பே கேட்டிருந்தால் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். நான் கும்பகோணத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. 178-ஆம் நாள் விமானம் ஏறினேன். அப்பா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு இன்னும் திரும்பவில்லை, இடது கையை மட்டும் தூக்கினார். இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் அவர் தெருமுனை வரை நடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

இதில் வேடிக்கை, ப்ளூ கார்டிலேயே இருந்திருந்தால் எனக்கு 12 மாதம் கிடைத்திருக்கும். ஓடி ஓடிப் பெரிய அட்டையை வாங்கி, ஊரில் இருக்கும் நாளைப் பாதியாக்கிக்கொண்டேன். அதற்காகப் பி.ஆர். வேண்டாம் என்று சொல்லவில்லை. ப்ளூ கார்டு வேலையோடு கட்டிப்போட்டது, வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். கம்பெனி விடுப்பு கொடுக்கிற வரையில்தான் அந்த 12 மாதத்துக்கு அர்த்தம்.

அதனால் நீங்கள் குறிவைக்க வேண்டியது இன்னொரு அட்டை. டௌவர்ஆவுஃப்எண்ட்ஹால்ட்-ஈயு என்று வாயில் நுழையாத பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பு அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஐந்து வருடம் ஆகும், ஓய்வூதியக் காப்பீடும் கட்டி வந்திருக்க வேண்டும், கட்டணம் 109 யூரோ. மற்றவர்கள் இதை வைத்துக்கொண்டு ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் இருக்கலாம். முன்பு ப்ளூ கார்டு வைத்திருந்தவர்களுக்கு 24 மாதம். ஆமாம், இரண்டு வருடம். பி.ஆர். இருக்கும்போதே இதையும் வாங்கலாம், ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று என்றில்லை. இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்பா விஷயத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது என் பையில் இருப்பது இதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆறு மாதம், 12 மாதம் என்பதெல்லாம் தற்காலிகமாகப் போகிறவருக்கு. வீட்டைக் காலி செய்து, வேலையை விட்டு, நகராட்சியில் முகவரிப் பதிவையும் ரத்து செய்துவிட்டுக் கிளம்பினால், இவர் ஒரேயடியாகப் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது பி.ஆர். ஆறு மாதம்கூடக் காத்திருக்காமல் போய்விடும்.

அப்பா அம்மாவை இங்கேயே கூட்டி வரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என் காலத்து ஆட்களுக்கு இல்லாத ஒரு கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. 1.3.2024 முதல் புதிதாக ப்ளூ கார்டு வாங்குகிறவர்கள் பெற்றோருக்கு வசிப்பு அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் வெளிநாட்டினர் அலுவலகத்தின் முடிவு. செலவை நீங்கள் ஏற்க வேண்டும், மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். இடிக்கிற இடம் அந்தக் காப்பீடுதான். எழுபது வயதில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனியைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் அம்மாவிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஆசை காட்டாதீர்கள்.

குடியுரிமை வாங்கினால் எந்த நாள் கணக்கும் இல்லை. 27.6.2024 முதல் எட்டு வருடத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். கட்டணம் 255 யூரோ, தேர்வில் 33 கேள்விக்கு 17 சரியாக இருந்தால் போதும். பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள ஜெர்மனி விடுகிறது, இந்தியா விடுவதில்லை. நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்க வேண்டும். ஓ.சி.ஐ.யில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அதனால்தான் குடியுரிமை வாங்கவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஒன்றரை ஏக்கரோ வாரிசாக எப்படியும் வந்து சேரும், அதற்குத் தடை இல்லை. மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பி1 வகுப்பில் வந்த மாதமே சேருங்கள். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய் வந்ததும் பாஸ்போர்ட் முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் நாள் கணக்கு கேட்பார்கள். நீண்ட விடுப்பு என்றால் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு எழுதி, பதில் கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். அப்புறம், கிளம்பும் முன் அப்பா அம்மா பாஸ்போர்ட்டை எடுத்து, காலாவதியாகப் போகிறதா என்று பாருங்கள். என் அப்பாவுடையது முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.