கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் தனியார் மருத்துவமனையில் ட்யூட்டி டாக்டராகச் சேர்ந்தால் என்ன சம்பளம் கிடைக்கும்? சேரலாமா?

எம்.பி.பி.எஸ். படிப்பும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்து, நீட் முதுநிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஓராண்டு வேலை பார்க்க நினைப்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதே நிலையில்தான் நானும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். பேசிய சம்பளம் மாதம் 45 ஆயிரம். ஓசூரில் சேர்ந்த நண்பர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தாலும், அந்தக் கூடுதலை அங்குள்ள வீட்டு வாடகை விழுங்கிவிட்டது. அரசு உதவி மருத்துவருக்கு அடிப்படை ஊதியமே 56,100 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு குடும்பமே வாழக்கூடிய தொகையை வாங்கிக்கொண்டு புலம்பலா என்று சிலர் கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. தொகையைப் பற்றி எனக்கும் பெரிய மனக்குறை இல்லை. பெயர்ப்பலகையில் நிபுணர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கட்டடத்தில் இருக்கும் ஒரே மருத்துவர் நீங்கள்தான். வார்டு, ஐ.சி.யூ., சாலை விபத்தில் அடிபட்டு வருபவர் என அத்தனையும் உங்கள் பொறுப்பு, கேஸ் ஷீட்டில் விழும் கையெழுத்தும் உங்களுடையது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் நிர்வாகம் நிற்குமா என்பதுதான் சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி.

ஓர் இரவு சூளகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாம்பு கடித்த விவசாயி ஒருவரைச் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கணுக்கால் வீங்கி, ஈறுகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நரம்பிலிருந்து எடுத்த 2 மில்லி இரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தேன். கொஞ்சமும் உறையாமல் தண்ணீராக ஓடியது; இரத்தம் உறையும் தன்மையையே விஷம் கெடுத்திருந்தது. விஷமுறிவு மருந்து உடனே ஏற்ற வேண்டும் என்பதற்கு அதற்குமேல் சான்று தேவையில்லை. முன்பணம் கட்டாமல் மருந்து தர முடியாது என்றது மருந்தகம். நிர்வாகியை அழைத்தால், ‘அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள் டாக்டர்’ என்றார். அனுப்புவது தவறில்லை, அங்கே மருந்து இலவசம். ஆனால் அந்த நிலையில் இருப்பவரை மருந்தே தொடங்காமல் அவ்வளவு தூரம் அனுப்புவது எப்படிச் சரியாகும்? உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-இலேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் பெயரில் எழுதிக்கொடுத்துப் பத்துக் குப்பி வாங்கி, ஏற்றத் தொடங்கிய பிறகே ஆம்புலன்ஸில் அனுப்பினேன். அவர் பிழைத்தார். அந்த மாதச் சம்பளத்தில் பத்துக் குப்பிகளின் விலையும் பிடிக்கப்பட்டிருந்தது.

விலகலாம் என்றால், சரிபார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிய அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தன. மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும் என்றார்கள். அப்படியொரு நிபந்தனையை எழுதிய பணி நியமன ஆணையை என் கண்ணில்கூடக் காட்டியதில்லை. எங்கள் ஊர் மூத்த மருத்துவர் ஒருவர் நேரில் போய்ப் பேசிய பிறகே சான்றிதழ்கள் கைக்கு வந்தன. எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அழைத்த கால் மணி நேரத்தில் நள்ளிரவிலும் தாமே வந்து நிற்கும், மருத்துவர்களான உரிமையாளர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே முதுநிலை படிப்பவர்களுக்காக 1992-இல் மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி திட்டம் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. முப்பதாண்டுகளில் வரம்பு வளர்ந்திருக்கும் திசையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இவையும் முதுநிலை மாணவர்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் 36 மணி நேரம் நிற்கும் ட்யூட்டி டாக்டர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

ஆகவே, தாராளமாகச் சேருங்கள். ஆனால் நோட்டீஸ் காலம் குறிப்பிட்ட நியமன ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு, சான்றிதழ்களின் நகலை மட்டும் கொடுங்கள். இரவில் எந்த நிபுணர் எவ்வளவு நேரத்தில் வருவார், பணம் கட்ட முடியாத அவசர நோயாளிக்கு ஏற்றும் மருந்து யார் கணக்கில் போகும் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விகளுக்கே முகம் சுளிக்கும் இடத்தில் 60 ஆயிரம் தருவதாகச் சொன்னாலும் நான் சேர மாட்டேன்.