மணலில் ஜீப் வேண்டாம் தம்பி

அன்புள்ள அண்ணனுக்கு,

மன்னார்த் தீவை நடந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். டிசம்பர் லீவுக்கு நாங்கள் ஐந்து பேர் ஒரு ஃபோர் வீல் ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறோம். கடற்கரை மணலிலேயே தலைமன்னார் வரை ஓட்டலாமா? மூன்று நாளில் நடந்து எதைப் பார்ப்பது? "மணலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று அம்மா வேறு கேட்கிறார்.

ஒரு வாசகர், பண்டாரவளை

அன்புள்ள தம்பி,

முதலில் டிசம்பரை விடுங்கள். அங்கே மழை கொட்டுவது அப்போதுதான். பெப்ரவரியில் போனால் வானம் வெளித்திருக்கும், தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம் வங்காலையில் பூநாரைகளும் நிற்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகும் போகாதீர்கள், காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும்.

ஜீப் கதைக்கு வருகிறேன். நான் முதல்தடவை போனது ஹட்டனிலிருந்து வேனில். தலைமன்னாருக்குக் கொஞ்சம் முன்னால், கடல் கூப்பிடு தூரத்தில் தெரிகிறதே என்று தார் ரோட்டை விட்டுப் பனைகளுக்கு நடுவே இறங்கினோம். நூறு யார்கூடப் போயிருக்க மாட்டோம். எங்கள் சாரதி தோட்டத்து ரோட்டில் எத்தனையோ தரம் சேற்றிலிருந்து மீண்டவர், மானாப்புல்லை வெட்டிச் சில்லுக்குக் கீழே போட்டு ஒரே மிதியில் வண்டியை மேலே ஏற்றிவிடுவார், அதே மிதியை இங்கேயும் மிதித்தார். மணல் பின்னால் பீய்ச்சி அடித்தது, வேன் முன்னால் போகாமல் கீழே போனது. அவர் காலை எடுத்தபோது அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டது. நம்ம சேற்றுக்கு அடியில் எங்கேயாவது இறுகிய தரை இருக்கும். காய்ந்த மணலைத் தோண்டினால் காய்ந்த மணல்தான்.

வலையோடு வந்த ஒரு ஐயா பார்த்துவிட்டு, "காத்தைத் திறந்து விடுங்கோ" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. அவரே குந்தி, ஒரு ஈர்க்குக் குச்சியால் வால்வை அமுக்கிப் பிடித்து, மற்றக் கைவிரலால் டயரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். முப்பது சொச்சம் பிஎஸ்ஐ இருந்த டயர் பாதியளவுக்கு இறங்கியிருக்கும், அடி அகன்று பூனைப் பாதம் மாதிரி மணலில் படிந்தது. பிறகு காய்ந்த பனை மட்டைகளை அடியில் செருகி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுக்கச் சொன்னார். வெளியே வந்துவிட்டோம். ஆனால் காற்றடிக்கப் பம்ப் இல்லை, காற்றுக் குறைந்த டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும் என்பதால் பேசாலை வரை மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தோம். ஃபோர் வீல் என்றாலும் இதே கதைதான், கொஞ்சம் தள்ளிப்போய்ப் புதைவீர்கள். கரைவலை இழுப்பவர்களின் இடத்தில் தடம் போடுவது வேறு சங்கடம்.

தீவின் நீளம் முப்பது கிலோமீற்றருக்குள். நடுவே நல்ல ரோடு இருக்கிறது, 2015இல் கோச்சியும் (ரயிலும்) திரும்ப ஓடத் தொடங்கியது. அதனால் வண்டியை ரோட்டில் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் கரையில் நடந்தால் போதும். அலை நனைத்துவிட்டுப் போன பட்டையில் நடங்கள். ஈரம் மணலைப் பிடித்து வைத்திருக்கும், கால் புதையாது. அதிகாலையில் போனால் நண்டுக்கோடுகளுக்கு மேலே ஊர்க்கழுதைகளின் குளம்படி தெரியும். மேட்டுமணலில் பனையடியில் பூவல், அதாவது ஆழமில்லாத ஊற்றுக்குழி, தோண்டியிருப்பார்கள், ஒரு கை அள்ளிக் குடித்துப் பாருங்கள். கடல் பக்கத்திலேயே கேட்கும், தண்ணீர் இனிக்கும். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரை விடப் பாரம் குறைவு, மணலுக்குள் இறங்கி அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமாகத் தோண்டி மோட்டார் போட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். இதெல்லாம் ஜீப்பின் கண்ணாடி வழியாகத் தெரிகிற சங்கதியா?

தலைமன்னார் முனையில் நின்றால் இராமர் பாலத்துத் தீடைகள் (மணல் திட்டுகள்) இருக்கும் பக்கம் கடல் வெளிறித் தெரியும். படகுக்காரர் யாராவது கூப்பிட்டாலும் சும்மா ஏறிவிடாதீர்கள். 2015இலிருந்து அந்தத் தீடைகள் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆலாப் பறவைகள் வெறும் மணலில்தான் முட்டையிடும், கால் வைத்த பிறகுதான் தெரியும்.

அம்மா கேட்டதுக்கு வருவோம். கோப்பித் தோட்டக் காலத்தில் நம்ம மலையகத்து ஆட்கள் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கியது இந்த மணலிலும் எதிரே அரிப்புக் கரையிலும்தான். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடை, வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே. தலைமன்னாருக்குக் கோச்சி வந்தது 1914இல்தான். அதே தண்டவாளத்தில், இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, நம்ம சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அழுகைக் கோச்சி என்று அம்மாவுக்குச் சொன்னால் விளங்கும். அவர்கள் கப்பலேறிய இறங்குதுறை இன்னும் துருப்பிடித்து நிற்கிறது. ஐந்து பேரில் ஒருவரைக் குறைத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்களேன். அந்த இடத்துக்கு ரோடு இருக்கிறது, அவர் நடக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. பேசாலையில் கருவாடு வாங்குவீர்கள், வாங்காமல் இருக்க முடியாது. ஜீப்புக்குள் வைக்காதீர்கள், கூரையில் கட்டுங்கள். எங்கள் வேன்காரர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.