மெட்ராஸில் கண்டுபிடித்த சில்வியா குறுங்கோள் எங்கே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

குறுங்கோள் என்றால் ஒரு கோளாகச் சேர முடியாமல் போன பாறை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றுகின்றன. பக்கத்தில் வியாழன் இழுத்துக் கலைத்துக்கொண்டே இருந்ததால் அவை ஒன்றுகூடவே இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மீனாட்சி கோயில்தான் சூரியன் என்று வையுங்கள், பூமி சித்திரை வீதியில் சுற்றுகிறது, பெரும்பாலான குறுங்கோள்கள் மாசி வீதியில், சில்வியா அதையும் தாண்டி வெளி வீதிப் பக்கம். சுற்றும் தூரமும் அதிகம், சூரியனின் இழுப்பு அங்கே குறைவு என்பதால் வேகமும் கம்மி. ஒரு சுற்றுக்கு ஆறரை வருடம்!

1866 மே 16 அன்று மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் இதைப் பிடித்தார். புகைப்படமெல்லாம் கிடையாது, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, விண்மீன் வரைபடத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் திருப்பரங்குன்றம் பக்கம் நிறைய விளக்கு தெரியும், அதில் ஒன்று மட்டும் கொஞ்ச நேரத்தில் இடம் மாறியிருந்தால் அது தெருவிளக்கு இல்லை, வண்டி. இங்கேயும் அதே கதைதான்: விண்மீன்கள் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே நிற்கும், இடம் மாறும் புள்ளிதான் குறுங்கோள்.

பின்னாளில் இதற்கு ரோமுலஸ், ரெமஸ் என இரண்டு நிலவுகள் இருப்பது தெரிந்தது. இரட்டை நிலவோடு சிக்கிய முதல் குறுங்கோள் இதுதான்.

அப்புறம், சினிமாவில் காட்டுகிற மாதிரி அங்கே பாறைகள் சித்திரைத் திருவிழாக் கூட்டமாய் இடித்துக்கொண்டு நிற்கவில்லை; இடைவெளியே சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர், விண்கலங்கள் சாதாரணமாகக் கடந்து போகின்றன.